மூன்று வாட் சிப்பும் முந்நூறு வாட் கும்மியும்

பிப்ரவரி 3, செவ்வாய்

வள்ளி கும்மிப் பயிற்சியில் இன்று சேர்ந்தேன். தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் விரட்டுகிறார். நடப்பதற்குப் பதில் ஆடினால் என்ன என்று போனேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

மாகாளியம்மன் கோவில் மைதானத்தில் மாலை ஆறரைக்கு நூற்றெண்பது பேர் கூடுகிறார்கள். உள்வட்டத்தில் ஆண்கள், வெளிவட்டத்தில் பெண்கள். நடுவில் விசிலோடு நிற்பவர் ஆசிரியர் சக்திவடிவேல். என்னைவிட நாலு வயது இளையவர், அதட்டலில் மட்டும் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவர் பாட, ஓரத்தில் இருவர் ஜமாப் மேளம் அடிக்க, நாங்கள் கைதட்டிச் சுற்றி வருகிறோம்.

எனக்கு நேர் பின்னால் வெளிவட்டத்தில் பூரணி நிற்கிறாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது அடியோடு போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள், மீதியைப் போனில் டைப் அடித்துப் பேசுவாள். அவள் என்னைப் பார்த்துத்தான் அடி வைக்கிறாள். முதலில் எனக்குக் கொடுத்த இடம் வேறு. அங்கே மண் மேடாக இருந்ததால் இங்கே மாறிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆசிரியர் இன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"பூரணி ஒவ்வொரு திருப்பத்துலயும் அரைத் தாளம் பிந்துதுங்க. நூத்தியெம்பது பேர்ல ஒருத்தர் பிந்துனாலும் வட்டம் நொண்டும். மார்ச் ஒண்ணாந்தேதி மொத்தத்தையும் ஒருக்கா ஆட வெச்சுப் பாப்பேன். அன்னைக்கும் பிந்துனா அரங்கேற்றத்தன்னைக்கு உக்காந்து பாக்கட்டும். என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூரணியோடு அவளுடைய அண்ணி தேன்மொழியும் ஆட வருகிறார். பூரணி போனில் எதையோ அடித்து அண்ணியிடம் காட்டினாள். அண்ணி என்னிடம் காட்டினார். "பாட்டு வேண்டாம். தாளம் மட்டும் தெரிஞ்சா போதும். திருவிழாவுல மேளத்துக்குப் பக்கத்துல நின்னா நெஞ்சுல அடிக்கும். இங்க தள்ளி நிக்கறேன், அடிக்கல."

அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நெஞ்சில் அடிக்க வேண்டும், அவ்வளவுதானே!

பிப்ரவரி 8, ஞாயிறு

நானும் என் அக்கா வீட்டுக்காரர் ரங்கராசு மாமாவும் மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்துகிறோம். ஓய்ந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் செய்வது என் பைத்தியம். இன்று கடைக்கு விடுமுறை என்பதால் பூரணியையும் அண்ணியையும் வரச்சொல்லி, என்னிடமிருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியை மேள ஒலியோடு போட்டுக் காட்டினேன். கையை வைத்தால் தெரிகிறது என்று போனில் அடித்தாள். இரண்டடி தள்ளினால் ஒன்றுமில்லை.

வேண்டியது பதினெட்டு இன்ச் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி. ஒன்றை இரவல் வாங்கிவிட்டேன். அதை உலுக்க முந்நூறு வாட் வேண்டும். மைதானத்தில் கரண்ட் கிடையாது, ஒருத்திக்காகத் தினமும் ஜெனரேட்டர் ஓட்டவும் மாட்டார்கள். கையில் இருப்பது பழைய மின்சார ஸ்கூட்டரின் நான்கு பேட்டரிகளும், செத்துப்போன புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய மூன்று வாட் சிப் ஒன்றும்.

"கடைல வாங்கறதுக்கென்ன மாப்ள?" என்றார் மாமா.

வாங்குவதாம்! அவருக்கு எப்படிப் புரியவைப்பேன்? இந்தச் சிப் பாட்டை அப்படியே பெரிதாக்குவதில்லை. வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன், ஆஃப் என்று நறுக்குகிறது. ஒலி ஏறினால் ஆன் நீளும், இறங்கினால் ஆஃப் நீளும். கடைசியில் ஒரு சுருள் அந்த நறுக்கல்களைச் சேர்த்து மறுபடி பாட்டாக்கிவிடும். நறுக்குவதுதான் கஷ்டமான வேலை, அதைச் சிப் செய்து முடித்துவிட்டது. அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகளை ஸ்பீக்கருக்குக் கொடுக்காமல் வலுவான நான்கு மாஸ்ஃபெட் சுவிட்சுகளை இயக்கக் கொடுத்தால்? அது சொல்கிறபடி அவை நான்கு பேட்டரிகளின் நாற்பத்தெட்டு வோல்ட்டை நறுக்கும். மூளை மூன்று வாட், உடம்பு முந்நூறு வாட்!

இன்னொரு அழகும் உண்டு. சிப்பிலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றன. பாட்டு இல்லாதபோது இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். நடுவில் இருக்கும் ஸ்பீக்கருக்கு வித்தியாசமே தெரியாது, சும்மா இருக்கும். இதைக் கண்டுபிடித்தவன் கிடைத்தால் மாலை போடுவேன்.

பிப்ரவரி 11, புதன்

வெடித்தது.

பிப்ரவரி 12, வியாழன்

கடையில் புகை வாசம் இன்னும் போகவில்லை. மாமா ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து யாருக்குத் திதி என்று கேட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காரணம் பிடிபட்டது. சுவிட்சுகள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஜோடி. கீழே இருப்பது முழுவதுமாக மூடுவதற்கு முன் மேலே இருப்பது திறந்துவிட்டால் பேட்டரியிலிருந்து கரண்ட் நேராகப் பாய்ந்து இரண்டையும் சுட்டுவிடும். சின்ன சிப்புக்குத் தன் வேலை மட்டும்தான் தெரியும். பின்னால் இருக்கும் பெரிய சுவிட்சுகள் மூட நேரம் எடுக்கும் என்று அதற்கு யார் சொன்னது? ஆகவே ஒவ்வொரு சுவிட்சின் வாசலிலும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு டையோடும் போட்டேன். இனி திறப்பது நிதானமாக, மூடுவது சட்டென்று.

பேட்டரியோடு ஒரு பல்பைத் தொடராக மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். எங்கேயாவது தப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். எரியவில்லை! பல்பு எரியாததற்கு எழுந்து குதித்தவன் இந்தப் பல்லடம் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கும்மியில் ஆசிரியர் இன்று என் தோளைத் தட்டி, "அண்ணா, கொஞ்சம் மேளத்தக் கவனிங்க" என்றார். எனக்கு முன்னால் நிற்பவர்கள் அவசரப்படுகிறார்கள். அதை அவர் கவனிப்பதில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

சுருள் சுற்றும் வேலையை மாமாவிடம் கொடுத்தேன். சுருள் சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மோட்டார் வேலைக்குச் சுற்றுவது போலவே இரும்புத் தகடு அடுக்கி, அதன்மேல் கம்பியை அழகாகச் சுற்றி, வார்னிஷ் அடித்து, காயவைத்துக் கொடுத்தார். நானும் அதே கடையில் பதினைந்து வருடம் சுற்றியவன்தானே, எனக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் சுருள் அடுப்பாகிவிட்டது. வார்னிஷ் உருகி மேசையில் ஓடியது.

"என்றா மாப்ள, இத்தன வருசத்துல நாஞ் சுத்துன ஒரு சுருளும் வேகுனதில்ல. உன்ற சிப்புத்தான் கெட்டது" என்று மாமா கொதித்தார்.

வீட்டுக் கரண்ட் வினாடிக்கு ஐம்பது தடவைதான் திசை மாறும். அதற்கு இந்த இரும்பு போதும். இங்கே லட்சக்கணக்கில் அடிக்கிறது, இரும்பு எப்படித் தாங்கும்? எங்கள் இரண்டு பேருக்குமே இரும்பு இல்லாமல் சுருளே கிடையாது என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. இந்தத் தப்பை ரீவைண்டிங் கடைக்காரன் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

பிப்ரவரி 18, புதன்

தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் தடித்த கம்பியைச் சுற்றச் சொன்னேன். உள்ளே வெறும் காற்று.

"உள்ள ஒண்ணுமே இல்லியே மாப்ள" என்று மாமா மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை அக்காவைப் போனில் கூப்பிட்டு, தம்பிக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றார். சுற்றிக் கொடுத்தார். குளிர்ந்த தண்ணீர்ப் பானை மாதிரி இருக்கிறது சுருள்! பக்கத்து டீக்கடை ரேடியோ மட்டும் நான் சுவிட்சைப் போட்டால் இரைகிறது. மைதானத்தில் ரேடியோ எதுவும் இல்லை, ஆகவே அதைப் பற்றிக் கவலையில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பேசியது! பேசியது! பேசியது!

பெட்டியை மாட்டி, மேள ஒலியைக் கொடுத்து, மெதுவாகத் திருகினேன். முதல் அடியில் அலமாரியில் இருந்த ஸ்க்ரூ டப்பாக்கள் நகர்ந்தன. இரண்டாவது அடியில் காலண்டர் விழுந்தது. மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி, வாசலில் நின்று சிரிசிரியென்று சிரித்தார். மாஸ்ஃபெட்டைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புத்தான். சிப்பைத் தொட்டேன், சூடே இல்லை. அது தன் பாட்டுக்கு மூன்று வாட் வேலையைக்கூடச் செய்யாமல் முந்நூறு வாட்டை மேய்க்கிறது. என் நகம் அளவுகூட இல்லாத ஒரு பொருள்! எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

பெட்டியை மினி ஆட்டோவில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டு போனேன். ஜமாப்பின் அடியில் என் மைக்கைக் கட்டினேன். பெட்டியை வெளிவட்டத்துக்குப் பக்கத்தில், பூரணி நிற்கும் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

மேளக்காரர் முதல் அடி அடித்தார். பூரணி திடுக்கிட்டுப் பின்னால் ஓர் அடி வைத்தாள். பிறகு கையை நெஞ்சில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தனியாக ஆடத் தொடங்கினாள். மேளம் நின்றால் நின்றாள், வேகமெடுத்தால் வேகமெடுத்தாள். மேளக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றிப் பார்த்தார், அவள் ஏமாறவில்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் போலிருந்தது, அதனால் பேட்டரி வயரைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அண்ணி வந்து, "உங்களுக்கு வயசு எத்தனைங்க?" என்று கேட்டார். முப்பத்திமூன்று என்றேன். எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயர் செய்ய வயது வரம்பு கிடையாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

விசித்திரம். தாளம் தெரிந்தபிறகும் வட்டத்தில் நின்றால் பூரணி தடுமாறுகிறாள். தனியாக ஆடினால் சரியாக இருக்கிறது. இரண்டு தடவை என் முதுகில் வந்து மோதினாள். பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்த வேண்டும்.

பிப்ரவரி 26, வியாழன்

பெட்டியை நகர்த்தினேன். மறுபடியும் மோதினாள். இந்தத் தடவை ஆட்டத்தை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து என்னை முறைத்தாள். போனை எடுத்து அடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பிந்துறது நான் இல்ல. நீங்க."

எல்லோரும் என்னைச் சிகாமணியண்ணா என்று கூப்பிடுகிறார்கள். அவள் மட்டும் எப்போதும் வெறும் 'நீங்க' தான். டைப் அடிக்கச் சுலபம் என்பதால் இருக்கும்.

அவளை நம்பி ஆசிரியரும் தன் போனில் முன்பு எடுத்த வீடியோக்களைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். மேளக்காரர்களும் கும்பலாக வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் அரைத் தாளம் கழித்துத் திரும்புகிறேனாம். மூன்று வாரமாக அவள் என்னைப் பார்த்து ஆடியதால்தான் அவளும் அரைத் தாளம் பிந்தினாளாம். அவள் என்னை அச்சுப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள் என்று ஆசிரியர் பாராட்டினார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஆட வேண்டாமுங்க. பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்து அதைய மட்டும் பாத்துக்கோங்க. அதான் உங்களுக்கு நல்லா வருது."

நூற்றெண்பது பேரும் சிரித்தார்கள். பூரணிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீடியோ எடுத்த கோணம் சரியில்லை என்பது என் கருத்து. இருந்தாலும் அவள் அப்படிச் சிரித்து நான் இதுவரை பார்த்ததில்லை. இன்று முழுக்க எனக்கு வருத்தமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

மார்ச் 1, ஞாயிறு

ஆசிரியர் மொத்தத்தையும் ஆட வைத்துப் பார்த்தார். நான் இருந்த இடத்தில் வேறு ஆள். பூரணி ஒரு திருப்பத்தில்கூடப் பிந்தவில்லை. முடிந்ததும் ஆசிரியர் அவளை வெளிவட்டத்தின் முதல் ஆளாக, மேளத்துக்கு எதிரே நிறுத்தினார். அவள் நின்ற தோரணையைப் பார்க்க வேண்டுமே! நான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கைதட்டினேன். மேளக்காரர் திரும்பிப் பார்த்து, தயவுசெய்து தட்டாதீர்கள், தாளம் குழம்புகிறது என்றார்.

மார்ச் 4, புதன்

கடைக்கு ஃபேன் ரிப்பேர் என்று அண்ணி வந்தார். ஃபேனில் ஒரு கோளாறும் இல்லை. "அரங்கேற்றம் முடியட்டும், ஒரு நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு எங்கூட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா காது கேட்காதது போல மும்முரமாக வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டிருந்தது என் டிபன் டப்பாவின் மேல்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அரங்கேற்றம். பெண்கள் எல்லோரும் பச்சைச் சேலை, ஆண்கள் வெள்ளை வேட்டி. மைதானத்தைச் சுற்றி எள் விழ இடமில்லை. வாடகைக்கு வந்த சவுண்ட் சர்வீஸ்காரர் ஜெனரேட்டர், பெரிய பெட்டிகள் எல்லாம் அடுக்கியிருந்தார். என் பெட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"எங்குளுதே ரெண்டு பேஸ் இருக்குதுங்களே, இந்தக் குழாய் சுத்துன வஸ்து எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியர் சொன்னார். "அது இருக்கட்டுமுங்க. அது பூரணிக்கு."

தொடங்கினார்கள். ஆசிரியர் பாட்டு மைதானத்தைத் தாண்டி ரோடு வரை கேட்டது. வட்டம் ஒரே உடம்பாகத் திரும்பியது. பூரணி முதல் ஆளாகச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது பெட்டியைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பெட்டியைத்தான் பார்த்தாள்.

ஆறு மணி தாண்டியிருக்கும், வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. பெரிய பெட்டிகள் எல்லாம் ஒரே நொடியில் ஊமையாயின. ஆசிரியர் வாய் அசைந்தது, சத்தம் பத்தடிகூடப் போகவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார், பாட்டை நிறுத்தினார். விசில் ஊதவும் அவருக்குத் தோன்றவில்லை. வட்டம் அங்கங்கே நின்றது. தட்டுவதற்குத் தூக்கிய கை தூக்கியபடி, திரும்ப வைத்த கால் வைத்தபடி நின்றார்கள். கூட்டம் உச்சுக்கொட்டியது. சவுண்ட் சர்வீஸ்காரர் ஓடினார்.

என் பேட்டரிக்கு ஜெனரேட்டரோடு என்ன சம்பந்தம்? மேளக்காரர்கள் பக்கத்தில் என் பெட்டி முழங்கிக்கொண்டே இருந்ததால் அவர்கள் எதையும் உணரவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார்கள். பூரணி ஆடிக்கொண்டே இருந்தாள்.

ஒருத்தி மட்டும் ஆடினாள். கைதட்டினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், வெளிப்பக்கம் திரும்பினாள். உள்பக்கம் திரும்பியபோது எல்லோரும் மரம் மாதிரி நிற்பதைப் பார்த்தாள். இனி நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள், "ஆடு" என்று கையால் அதட்டினாள். ஆசிரியர் எங்களை அதட்டுவாரே, அதே மாதிரி! அண்ணி பயந்துபோய் ஆடத் தொடங்கினார். அவருக்கு அடுத்தவள் தொடங்கினாள். உள்வட்டத்து ஆண்களுக்கு ஒரு முறைப்பு, அவர்களும் தொடங்கினார்கள். இரண்டு சுற்றுக்குள் நூற்றெண்பது பேரும் அவளைப் பார்த்து ஆடினார்கள். பாட்டு இல்லை, விசில் இல்லை. மேளமும், மொத்த மைதானமும் சேர்ந்து தட்டுகிற கையும்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு குலவை எழும்பியது, அதற்குப்பின் யாராலும் கூட்டத்தை அடக்க முடியவில்லை.

நான் சிப்பையும் மாஸ்ஃபெட்டையும் தொட்டுக்கொண்டே இருந்தேன். தாங்குடா ராசா, தாங்கு என்று வாய்விட்டுச் சொன்னேன். தாங்கியது.

ஜெனரேட்டர் மறுபடி உயிர்பெற்றபோது ஆசிரியர் ஓடும் தாளத்தில் தாவி ஏறுவது போலப் பாட்டைப் பிடித்தார். முடித்தார்கள். முடிந்ததும் அவர் வேறு யாரிடமும் போகாமல் நேராகப் பூரணியிடம் வந்தார். நானும் அண்ணியும் ஓடினோம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"பூரணி, கரண்ட் போயி, பாட்டு நின்னு, நானே நின்னுட்டேன். நீ மட்டும் எப்படி நிக்காம ஆடுனே?"

அவளுக்கு அவர் உதடு பிடிபடவில்லை. அண்ணி அதைப் போனில் அடித்துக் காட்டினார். பூரணி படித்தாள். நெற்றியைச் சுருக்கி இரண்டாவது தடவை படித்தாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடித்துப் போனை ஆசிரியரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பாட்டு நின்னுச்சா? எப்போ? எல்லாரும் அடி மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

நான் அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, கோவென்று அழுதுவிட்டேன்.